முற்றம் கழுவும் பொறி

வீட்டுக்கு வேண்டிய பொருள்களைப் பெரியவர்களே தேர்ந்து வாங்கிய காலம் ஒன்று இருந்தது. குடமாயினும் அம்மியாயினும், தட்டிப் பார்த்தும் தடவிப் பார்த்தும் அதன் தரத்தை அவர்கள் அறிந்தார்கள். இன்று கடைக்கு வரும் பொருள்கள் பலவற்றைத் தட்டிப் பார்த்து அறிய இயலாது. அவற்றின் குணம் பெட்டியின்மேல் எண்களாக அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எண்களைப் படித்துப் பொருள் சொல்லும் கடமை, பெரும்பாலான வீடுகளில், பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களிடமே வந்து சேர்ந்திருக்கிறது. "படிக்கிற பிள்ளை, நீ பார்த்துச் சொல், இவற்றில் எது நல்லது?" என்று தந்தையார் கேட்கிறார், தாயார் கேட்கிறார். நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை நம்பிப் பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. ஆதலின் அச்சொல் ஆராய்ந்து சொல்லப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

அவ்வாறு ஆராய்ந்து வாங்கவேண்டிய பொருள் ஒன்றை இன்று எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நம் வீட்டு முற்றங்களைப் பாருங்கள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஈரம் உலராத இடங்களிலெல்லாம் பாசி படர்ந்துவிடுகிறது. மார்கழி வைகறையில் கோலமிட வருபவர் அத்தரையில் கால் வைக்க அஞ்சுகிறார். பாசி முற்றத்தின் அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. நடப்பவரை வழுக்கி விழச் செய்கிறது. இளையவர் விழுந்தால் எழுந்து சிரித்துக்கொண்டு போவார். முதியவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. அவ்வாறு முறிந்தவர்களிற் பலர் மீண்டும் பழையபடி நடமாடுவதில்லை. ஆகவே முற்றத்தைத் தூய்மை செய்வதைப் பொங்கலுக்கு முந்திய ஒரு சடங்காக மட்டும் எண்ணிவிடலாகாது. அது வீட்டாரின் நலத்தைக் காக்கும் செயலாகும்.

இவ்வேலைக்கென்று இக்காலத்தில் விற்கப்படும் கருவியைக் கடைக்காரர்கள் 'பிரஷர் வாஷர்' என்கின்றனர். நாம் அதனை அழுத்தநீர்ப் பொறி என்று வழங்குவோம். மோட்டார் வண்டிகளைக் கழுவும் 'வாட்டர் சர்வீஸ்' நிலையங்களில் இதன் பெரிய வடிவத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஜெர்மனி நாட்டில் ஆல்பிரட் கெர்ஷர் என்பவர் நிறுவிய தொழிலகம், ஐரோப்பாவின் முதல் வெந்நீர் அழுத்தப் பொறியை 1950ஆம் ஆண்டில் உருவாக்கியது. தொழிற்சாலைகளுக்கும் வண்டி நிலையங்களுக்கும் உரியதாக இருந்த அப்பொறி, சிறுத்து, இடம்விட்டு இடம் எடுத்துச் செல்லத்தக்கதாகி, வீட்டுப் பயனுக்கு வந்தது 1984ஆம் ஆண்டில். இன்று நம் ஊர்க் கடைகளிலும் அது வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் தன் வலிமையைப் பெரிய எழுத்தில் முழங்குகிறது. வாங்குவோர் அவற்றுள் மிகப் பெரிய எண்ணைத் தேடுகின்றனர். அவ்வாறு தேடுவது முறையா என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இப்பொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிவோம். இதனுள் மோட்டார் ஒன்றும் பம்பு ஒன்றும் உள்ளன. மோட்டார் சுழலும்போது, சாய்வாகப் பொருத்தப்பட்ட தட்டு ஒன்று சுழன்று, சிறிய பிஸ்டன்களை மாறி மாறி முன்னும் பின்னும் இயக்குகிறது. வீட்டுப் பொறிகளில் பெரும்பாலும் மூன்று பிஸ்டன்கள் இருக்கும். பிஸ்டன் பின்வாங்கும்போது குழாய்நீர் உள்ளே வருகிறது. முன்னேறும்போது அந்நீர் வெளியே தள்ளப்படுகிறது. தள்ளப்பட்ட நீர் தடித்த குழாயின் வழியாகச் சென்று, நாசில் எனப்படும் கூர்முனையின் மிகச் சிறிய துளையால் வெளிவருகிறது. வழி குறுகியதாக இருப்பதால் நீர் நெருக்கப்படுகிறது. நெருக்கத்தினால் அழுத்தம் உண்டாகிறது. பம்பு நீரைத் தள்ள, துளை அதனைத் தடுக்க, இவ்விரண்டின் நடுவே பிறப்பதே அழுத்தம் என்று நினைவிற் கொள்ளுங்கள்.

அழுத்தம் என்பது ஓர் அளவுப் பரப்பின்மேல் விழும் விசை என்று நீங்கள் இயற்பியலிற் படித்திருக்கிறீர்கள். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், அடைபட்ட நீர்மத்தில் அழுத்தம் எவ்வாறு பரவுகிறது என்பதை விளக்கினார். அழுத்தத்தின் அளவுக்கு அவர் பெயரையே இட்டிருக்கிறோம். 1,00,000 பாஸ்கல் கொண்டது 1 பார். நம்மைச் சூழ்ந்துள்ள காற்று நம்மீது செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழ இவ்வளவே. வீட்டுப் பொறி ஒன்று 100 பார் அழுத்தத்தில் இயங்கினால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை அழுத்துவதற்கு அது ஒப்பாகும். அவ்வழுத்தத்தில் நீர் துளையைவிட்டு வெளிவரும் வேகத்தைக் கணக்கிட்டால், விநாடிக்கு ஏறத்தாழ 140 மீட்டர் வருகிறது. அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர். நம் இருப்புப்பாதையில் ஓடும் எந்த இரயிலுக்கும் இவ்வேகம் இல்லை. நிமிடத்துக்கு 6 லிட்டர் நீர் இவ்வேகத்தில் வெளிவர வேண்டுமாயின், துளையின் விட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இருந்தாற் போதும். இக்கணக்கு உங்கள் பாடநூல் அறிவுக்கு எட்டியதே. வீட்டில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இனிப் பெட்டியின்மேல் உள்ள எண்களுக்கு வருவோம். நாம் தேடவேண்டியவை மூன்று. ஒன்று அழுத்தம், இது பார் அளவிலோ பி.எஸ்.ஐ. அளவிலோ தரப்பட்டிருக்கும். மற்றொன்று நீரோட்டம், இது நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்றோ மணிக்கு இத்தனை லிட்டர் என்றோ இருக்கும். மூன்றாவது மோட்டார் எடுத்துக்கொள்ளும் மின்திறன். இது வாட் அளவில் இருக்கும்.

பி.எஸ்.ஐ. என்பது பவுண்டும் அங்குலமும் கொண்ட பழைய முறை. ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. சேர்ந்தது 1 பார். ஒரு பெட்டியில் 1,800 என்றும், அடுத்த பெட்டியில் 124 என்றும் இருக்கக் கண்டு, முன்னது பன்மடங்கு வலியது என்று மயங்கலாகாது. 1,800 பி.எஸ்.ஐ. என்பதை 14.5ஆல் வகுத்தால் கிடைப்பது அதே 124 பார்தான். இருவேறு அளவுகோல்களால் அளந்த பொருள்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுதல் வேண்டும். இஃது ஐந்தாம் வகுப்பிற் கற்ற பாடம். ஆயினும் கடைத்தெருவில் அடிக்கடி மறக்கப்படும் பாடம்.

அழுத்தத்திலும் இரு வகை உண்டு. பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உச்ச அழுத்தம். பொறி தொடர்ந்து வேலை செய்யும்போது நிலவும் அழுத்தம் அதனினும் குறைவானது. அது சிறிய எழுத்தில் இருக்கும். நீரோட்டமும் அவ்வாறே. உச்ச அழுத்தமும் உச்ச நீரோட்டமும் ஒரே வேளையிற் கிட்டுவன அல்ல. ஆகவே சிறிய எழுத்தைப் படித்து, வேலை அழுத்தத்தையே வேலை அழுத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

எண்கள் மெய்யானவையா என்பதைச் சோதிக்கவும் ஒரு வழி உண்டு. அழுத்தத்தைப் பார் அளவிலும், நீரோட்டத்தை நிமிடத்துக்கு லிட்டர் அளவிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 600ஆல் வகுத்தால், நீர் பெறும் திறன் கிலோவாட்டில் வருகிறது. 100 பார், 6 லிட்டர் என்றால் 600ஐ 600ஆல் வகுத்து 1 கிலோவாட் என்க. மோட்டாரிலும் பம்பிலும் சிறிது திறன் வெப்பமாகக் கழிந்து போகும். ஆகவே இத்தகைய பொறிக்கு 1,500 வாட் அளவிலான மோட்டார் இருப்பது இயல்பு. இப்பொழுது வேறொரு பெட்டியில் 200 பார் என்றும், 8 லிட்டர் என்றும், மோட்டார் 1,600 வாட் என்றும் அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். 200ஐ 8ஆல் பெருக்கி 600ஆல் வகுத்தால் 2.6 கிலோவாட்டுக்கு மேல் வருகிறது. உள்ளே செல்லும் மின்திறனோ 1.6 கிலோவாட். உள்ளே சென்றதினும் மிகுதியாக வெளியே வருவது எங்ஙனம்? ஆற்றல் அழிவின்மை விதியை எந்தத் தொழிலகமும் மீற முடியாது. அந்த இரு எண்களும் ஒருசேரக் கிட்டா என்று அறிந்துகொள்ளலாம். கடைக்காரரோடு வாதாட வேண்டியதில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்து, அமைதியாக அடுத்த பெட்டிக்குச் செல்லலாம்.

எண்களைப் படித்தாயிற்று. ஆனால் எந்த எண் நமக்கு வேண்டும் என்பதைப் பெட்டி சொல்லாது, தரைதான் சொல்லும். அழுக்குக்கும் தரைக்கும் உள்ள வேறுபாட்டை நீர் அறியாது. அது பாசியை எந்த விசையோடு தாக்குகிறதோ, அதே விசையோடு பாசிக்குக் கீழுள்ள தரையையும் தாக்கும். பாசி பெயரவேண்டும், தரை பெயரலாகாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அழுத்தமே நமக்கு உரியது. மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்தியவன் கதையை நாம் அறிவோம். பாசிக்கு அஞ்சித் தரையைப் பெயர்ப்பவன் அவனுக்கு இளையவன்.

நம் நாட்டு முற்றங்கள் ஒரே வகையின அல்ல. கருங்கல் பாவிய முற்றம் மிக உறுதியானது. நன்கு நீர் ஊற்றிப் பதப்படுத்திய கான்கிரீட்டும் உறுதியானதே. ஆனால் பழைய சிமென்டுப் பூச்சு, அதிலும் மணல் உதிரத் தொடங்கிய பூச்சு, வலுவான நீர்த்தாரையைத் தாங்காது. மேற்பரப்பு அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகும். சொரசொரப்பான தரையிற் பாசி முன்னினும் விரைவாகப் பற்றும். கடப்பைக் கல் அடுக்கடுக்காக அமைந்த கல்லாதலின் அதன் ஓரங்கள் செதில் செதிலாகப் பெயரக்கூடும். மொட்டைமாடியிற் சுண்ணாம்புக் கலவையால் பதித்த தட்டோடுகள் உள்ள வீடுகளில், தாரை இணைப்புக் கலவையை அரித்துவிட்டால், அடுத்த மழைக்குக் கூரை ஒழுகும். சிவப்பு மெருகிட்ட தரைக்கும், கைத்தொழிலால் ஆன பூத்தரைக் கற்களுக்கும் இப்பொறியே ஆகாது. அவற்றுக்கு ஈரத்துணியே போதுமானது.

இக்காலத்தில் மிகுதியாகக் காணப்படுவது பேவர் கற்கள் பாவிய முற்றம். இக்கற்களைச் சிமென்டு கொண்டு ஒட்டுவதில்லை. கீழே மணற் படுக்கை. கற்களுக்கு இடையே நுண்மணல். அம்மணல் இறுகியிருப்பதனாலேயே கற்கள் அசையாமல் நிற்கின்றன. எங்கள் தெருவில் ஒரு வீட்டார், வண்டி நிலையத்துக்கு உரிய பெரிய பொறி ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து, இத்தகைய முற்றத்தை ஒரு முற்பகல் முழுதும் கழுவினார்கள். கற்கள் புதியனபோல் விளங்கின. இடைவெளி மணல் முழுவதும் தெருச் சாக்கடைக்குப் போயிற்று. அடுத்த மாதத்தில், கார் நிற்கும் இடத்தில் கற்கள் ஆடத் தொடங்கி, மழைநீர் அங்கே குளமாகத் தேங்கிற்று. தேங்கிய நீரில் மீண்டும் பாசி. கற்களைப் பெயர்த்து மறுபடி பாவ நேர்ந்தது. பொறியிற் குறை ஒன்றும் இல்லை. அத்தரைக்கு அப்பொறி பொருந்தவில்லை. பேவர் முற்றத்தைக் கழுவுவோர் தாரையை இடைவெளியை நோக்கிச் செலுத்தாமல், சாய்வாகவும் தொலைவிலிருந்தும் செலுத்தி, தரை உலர்ந்தபின் இடைவெளிகளில் மீண்டும் மணல் தூவிப் பெருக்கிவிடுதல் வேண்டும்.

ஆகவே, பொதுவான வீட்டு முற்றம் ஒன்றுக்கு, 100 பார் அளவில் வேலை அழுத்தமும், நிமிடத்துக்கு 6 அல்லது 7 லிட்டர் நீரோட்டமும் உள்ள பொறி போதுமானது. விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. இதற்கு மேற்பட்ட வலிமைக்குக் கொடுக்கும் பணம், பயன்படாத வலிமைக்கோ தரையைக் கெடுக்கும் வலிமைக்கோ கொடுத்த பணமாகும்.

பொறியின் அழுத்தத்தைவிட, அதனை நாம் எவ்வாறு தரைமேல் விரிக்கிறோம் என்பதே மிகுதியும் கருதத்தக்கது. நாசில்கள் பலவகை. வெளிநாட்டு முறையைப் பின்பற்றி அவற்றுக்கு நிறங்கள் இடப்பட்டிருக்கும். சிவப்பு நாசில் நீரை விரியாமல் ஒரே கோடாகப் பாய்ச்சுகிறது. மஞ்சள் 15 பாகைக்கும், பச்சை 25 பாகைக்கும், வெள்ளை 40 பாகைக்கும் விசிறிபோல் விரிக்கின்றன. கருப்பு, சவர்க்கார நீர் தெளிப்பதற்கு. தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால், மஞ்சள் நாசிலின் நீர் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் அகலத்திலும், பச்சையின் நீர் 13 சென்டிமீட்டர் அகலத்திலும், வெள்ளையின் நீர் 22 சென்டிமீட்டர் அகலத்திலும் விழும். அதே நீர், அதே விசை. ஆனால் பரப்பு மிகும்போது ஒவ்வோர் இடத்திலும் விழும் தாக்கம் குறைகிறது. முற்றத்துக்குப் பச்சையும் வெள்ளையுமே ஏற்றவை. சிவப்பு நாசில் தரையிற் கோடு கிழிக்கும். சில பொறிகளில் தனித்தனி நாசில்களுக்கு மாறாக, முனையைத் திருகி விரிவை மாற்றும் அமைப்பு உண்டு. அதனையும் இக்கருத்தோடு பயன்படுத்தலாம்.

வட்டமான மூடியின் அடியில் இரு நாசில்கள் சுழன்றுகொண்டே கழுவும் ஒரு துணைக்கருவியும் விற்கப்படுகிறது. தரைக்கும் நாசிலுக்கும் உள்ள தொலைவு அதில் மாறுவதில்லை; ஆதலின் தரை சீராகத் துலங்குகிறது; சேறும் சுவரின்மேல் தெறிப்பதில்லை. பரந்த முற்றம் உடையவர்கள், பெரிய மோட்டாருக்குக் கொடுக்கும் பணத்தை இக்கருவிக்குக் கொடுத்தால் மிகுந்த பயன் பெறுவர். வாங்கும் பொறிக்கு அது பொருந்துமா என்று முன்னரே கேட்டறிதல் நன்று.

மோட்டாரிலும் இரு வகை உண்டு. கார்பன் பிரஷ் கொண்ட மோட்டார் எடை குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் இரைச்சல் மிகுதி, பிரஷும் நாளடைவில் தேயும். இண்டக்‌ஷன் மோட்டார் எடையும் விலையும் மிகுந்தது. ஆனால் இரைச்சல் குறைவு, உழைப்பு நீண்டது. ஆண்டில் இரண்டு மூன்று முறை முற்றம் கழுவுவோருக்கு முன்னதே போதும். வாரந்தோறும் வண்டிகளையும் கழுவுவோர் பின்னதை நாடலாம். எதை வாங்கினும், அதன் குழாய், கைப்பிடி, ரப்பர் வளையங்கள் ஆகியவை நம் ஊரிலோ அண்மை நகரிலோ கிடைக்குமா, பழுது பார்ப்பவர் உளரா என்று கேளுங்கள். ஓட்டை விழுந்த ரப்பர் வளையம் ஒன்றுக்காக முழுப் பொறியும் மூலையிற் கிடக்கும் வீடுகள் உண்டு.

இனி நீரைப் பற்றிச் சிந்திப்போம். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 360 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் 24 குடம். இது சிறிதன்று. ஆயினும் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் நிமிடத்துக்கு 15 லிட்டர் அளவில் நீர் ஓடுவதும், அவ்வாறு கழுவ நெடுநேரம் ஆவதும் கருதினால், பொறி நீரைச் சேமிப்பது தெளிவாகும். ஆனால் அச்சேமிப்பு, பொறியை விளையாட்டுப் பொருளாக்கி நாள்தோறும் ஓட்டாதவர்க்கே உரியது. 2019ஆம் ஆண்டுக் கோடையில், சென்னை மாநகருக்குக் குடிநீர் தந்த பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு போயின. குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற மக்களை நாடே கண்டது. அதனை நினைவிற்கொண்டால், முற்றம் கழுவுவதற்கு உரிய காலம் மழை ஓய்ந்து, கிணறும் தொட்டியும் நிறைந்திருக்கும் மார்கழி தை மாதங்களே என்பது விளங்கும். சித்திரை வைகாசியில் தூசியைப் பெருக்கித் தள்ளலாம்; நீரால் துரத்த வேண்டியதில்லை.

நம் வீடுகளில் நீர் மாடித் தொட்டியிலிருந்து இறங்குகிறது. பம்பு இழுக்கும் அளவுக்கு நீர் வருகிறதா என்று பொறி வாங்குமுன் சோதித்துப் பாருங்கள். 10 லிட்டர் வாளி ஒன்றை முற்றத்துக் குழாயின்கீழ் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் வாளி நிரம்பினால் நிமிடத்துக்கு 10 லிட்டர், அது போதும். இரண்டு நிமிடம் ஆனால் 5 லிட்டர், அது போதாது. நீர் போதாத பம்பு காற்றை விழுங்கி, உள்ளே உள்ள அடைப்பு வளையங்கள் கெட்டுவிடும். அத்தகைய வீட்டார், வாளியிலிருந்தோ தொட்டியிலிருந்தோ தானே நீரை உறிஞ்சும் வகைப் பொறியைக் கேட்டு வாங்குதல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் மணலும் உப்பும் மிகுதி. ஆகவே நீர் நுழையும் இடத்தில் வடிகட்டி இருத்தல் இன்றியமையாதது.

மின்சாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1,500 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் ஆறரை ஆம்பியர் வருகிறது. விளக்குக்கும் விசிறிக்கும் உரிய 6 ஆம்பியர் பிளக்கு இதற்கு ஆகாது. 16 ஆம்பியர் மூன்று முனைப் பிளக்கே வேண்டும். மெல்லிய நீட்டுக் கம்பியை இணைத்தால் அது சூடேறும். நீரும் மின்சாரமும் ஓரிடத்திற் கூடும் வேலையாதலின், மண்ணிணைப்பு சரியாக இருத்தலும், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்கசிவு நேர்ந்த அளவிலேயே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி வீட்டில் இருத்தலும் கட்டாயம். அக்கருவி இல்லாத வீட்டில் முதலில் அதனை வாங்குங்கள். பொறியைப் பிறகு வாங்கலாம்.

இப்பொறி விளையாட்டுக்குரியதன்று என்பதை இளைஞராகிய உங்களுக்கு அழுத்திச் சொல்வது என் கடமை. 100 பார் நீர்த்தாரை தோலைத் துளைத்து உள்ளே செல்ல வல்லது. வெளியே ஊசி குத்தியதுபோன்ற சிறு புண்ணே தெரியும். உள்ளே தசையும் நரம்பும் கிழிந்து, அழுக்கு நீர் பரவியிருக்கும். அத்தகைய புண்ணைச் சிறிதென்று எண்ணி மஞ்சள் தடவி இருத்தல் பெருந்தீங்கு. உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். தாரையை மனிதர்மீதோ நாய் பூனைமீதோ விளையாட்டுக்கும் திருப்பலாகாது. கைகாலின் சேற்றைக் கழுவவும் அதனை நாடலாகாது. மூடிய காலணியும் கண்ணாடியும் அணியுங்கள். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். கைப்பிடியை ஒருமுறை அழுத்தி அதனை வெளியேற்றிய பிறகே குழாயைக் கழற்றுங்கள்.

பாசியைக் கொல்லப் பிளீச்சிங் பவுடர் தூவுவோர் உளர். கறையைப் போக்க ஆசிட் ஊற்றுவோரும் உளர். இரண்டும் கலந்தால் நச்சுக்காற்றாகிய குளோரின் எழும். எக்காரணம் கொண்டும் இரண்டையும் சேர்க்கலாகாது. ஆசிட் சிமென்டையும் அரிக்கும். மருந்து கலந்த நீரை மழைநீர்த் தொட்டிக்குள் விடாதீர்கள். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேமிப்பு, நாம் குடிக்கும் நிலத்தடி நீரை வளர்ப்பதற்காக ஏற்பட்டது. அதிலே நஞ்சைக் கலப்பது நம் கிணற்றிலே நாமே கலப்பதாகும்.

இவற்றையெல்லாம் கேட்டபின் ஒரு வினா உங்களுக்குத் தோன்றலாம். இப்பொறி நமக்கு வேண்டுமா? வினா மிகப் பொருத்தமானது. கட்டில் இரண்டு போடும் அளவுள்ள முற்றத்துக்குத் தென்னை ஈர்க்குமாறும், கெட்டியான தேய்ப்பானும், இரண்டு வாளி நீரும், அரைமணி உழைப்பும் போதும். பரந்த முற்றமும், குனிந்து தேய்க்க இயலாத முதியோரும் உள்ள வீட்டுக்குப் பொறி உதவும். அங்கும் ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே வாங்குவானேன்? ஆண்டில் சில நாளே வேலை செய்யும் பொருளை மூன்று நான்கு வீட்டார் கூடி வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். ஒருவர் அதனைக் காத்துப் பழுது பார்க்கும் பொறுப்பை ஏற்கலாம். பணம் மிஞ்சும், அயலார் உறவும் வளரும்.

மேலும், பொறி பாசியை நீக்கும். பாசி வந்த காரணத்தை நீக்காது. பாசிக்குத் தாய் ஈரம். நீர் தேங்கும் பள்ளம் எங்கே, ஒழுகும் குழாய் எங்கே, வெயிலை மறைக்கும் கிளை எது என்று பாருங்கள். பள்ளத்தைப் பூசி வாட்டம் செய்தால், குழாயை அடைத்தால், கிளையைக் கழித்தால், அடுத்த ஆண்டு கழுவும் வேலை பாதியாகும். இதற்குப் பெட்டியும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்; கண் வேண்டும்.

பொறியை வாங்கிவிட்டால், முதல்நாளே முற்றம் முழுவதும் ஓட்டாதீர்கள். யாரும் பாராத மூலை ஒன்றில் இரண்டு சாண் இடத்தைத் தேர்ந்து, விரிந்த நாசிலை மாட்டி, முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள தொலைவுக்கும் மேலே பிடித்துத் தொடங்குங்கள். பாசி பெயராவிடின் சிறிது நெருங்குங்கள். பாசி பெயர்ந்து தரை பெயராத தொலைவைக் கண்டவுடன் அங்கே நில்லுங்கள். வழிந்தோடும் நீரில் பச்சை நிறம் வரும் வரை நீங்கள் பாசியைக் கழுவுகிறீர்கள். மணல் வரத் தொடங்கினால் தரையைக் கழுவுகிறீர்கள். அந்நீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்பவருக்குப் பிறர் அறிவுரை வேண்டியதில்லை.

அடுத்த முறை தந்தையார் உங்களைக் கடைக்கு அழைத்துச் சென்று, "எது நல்லது?" என்று கேட்கும்போது, பெரிய எண்ணைச் சுட்டிக் காட்டாதீர்கள். நம் முற்றம் எத்தகையது, குழாயில் நீர் எவ்வளவு வருகிறது, பிளக்கு எத்தனை ஆம்பியர் என்று வீட்டிலேயே அளந்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அத்தாளை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு பேசுங்கள். நீங்கள் கற்ற கல்வியால் உங்கள் வீட்டாரின் பணமும், ஊராரின் நீரும், முற்றத்தில் நடக்கும் முதியவரின் காலும் காப்பாற்றப்படும்.